காசிக்குப் பிடில் கொண்டு சென்றோம்

காசிக்குச் செல்வோர் கையில் வழக்கமாக இருப்பவை கங்கை நீருக்கு ஒரு சொம்பும், முன்னோரின் பெயர்ப் பட்டியலுமே. சென்ற கோடையில் நாங்கள் சென்றபோது இவற்றுடன் ஒரு பிடில் பெட்டியும் இருந்தது. எங்கள் கடைசித் தங்கை காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் இசைப் பட்டப் படிப்பில் சேர விரும்பிச் செய்முறைத் தேர்வுக்கு அழைக்கப்பட்டிருந்தாள். சலுகைப் பாஸில் தாயாரையும் அவளையும் அழைத்துக்கொண்டு நாகபுரியிலிருந்து புறப்பட்டோம்.

எங்கள் தந்தையார் ரயில்வே ஊழியத்தில் இருக்கும்போதே காலமானார். மெட்ரிகுலேஷனோடு எங்கள் படிப்பு நின்றது. குமாஸ்தா நாற்காலி கிடைத்தது. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் தங்கைதான். அவளோ, எல்லோரும் கேட்பதை விட்டுச் சங்கீதத்தைக் கேட்டாள். "இது சோறு போடுமா?" என்று உறவினர் வினவினர். எங்களிடம் விடை இருக்கவில்லை. தாயாரின் கவலையோ வேறு: "அங்கே வடநாட்டுச் சங்கீதம் அல்லவா? ஒன்பது வருஷம் கற்ற நம் கல்யாணி என்ன ஆவாள்?"

அக்கவலைக்கு விடை தேடியபோதுதான் ஸ்ரீமதி என். ராஜம் அவர்களின் வரலாறு கண்ணில் பட்டது. 1938-ல் பிறந்த அவர் பிடில் வித்வான் டி. என். கிருஷ்ணனின் தங்கை. தந்தையாரிடம் கர்நாடக முறையைக் கற்றுத் தேர்ந்தவர், பின்னர் பண்டிதர் ஓம்கார்நாத் டாகுரிடம் பயின்று ஹிந்துஸ்தானி முறைக்கு மாறினார். அதே பல்கலைக் கழகத்தில் ஏறக்குறைய 40 ஆண்டுகள் கற்பித்தார். புலத் தலைவராகவும் விளங்கினார். அங்கு 1950-ல் சங்கீதக் கல்லூரி தோன்றியபோது அதற்குத் தலைமை ஏற்றவர் அந்த ஓம்கார்நாத்தே. தமிழ்க் குடும்பத்துப் பெண் நடந்த பாதை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்றதும் தாயார் சற்றுத் தணிந்தார்.

ஆயத்தம் நான்கு மாதம் நடந்தது. எங்கள் குடியிருப்பு மாமியிடம் கற்றவள், உள்ளூர் ஹிந்துஸ்தானி ஆசிரியர் ஒருவரிடம் யமன் ராகம் தொடங்கினாள். யமனும் நம் கல்யாணியும் சுரங்களால் ஒன்றே, நடையால் வேறு. ஏறும்போது சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பெரும்பாலும் ஒதுக்கி, நிஷாதத்திலிருந்து ரிஷபம், காந்தாரம் என்று எழுவது யமனின் அழகு. "சுரத்தை அசைக்காதே அம்மா, அது நிற்கட்டும்" என்பார் ஆசிரியர். ஒன்பது ஆண்டுகள் கமகத்தில் பழகிய விரல் நிற்க மறுத்தது. தாளமும் அப்படியே. எட்டு அட்சர ஆதிக்கு விரல் எண்ணியவள், பதினாறு மாத்திரைத் தீன்தாளில் ஒன்பதாம் மாத்திரையில் கையை வெறுமையாக வீசக் கற்றாள். உட்கார்ந்து வலது பாதத்தில் பிடிலின் தலையை ஊன்றும் முறை மட்டும் மாறவில்லை. அதுவே அவளுக்குப் பிறந்த வீட்டு ஆறுதல்.

மறுநாள் மாளவீயா பாலத்தைக் கடந்தோம். 1887-ல் திறக்கப்பட்ட அப்பாலத்தில் கீழே ரயிலும் மேலே சாலையும் செல்கின்றன. வண்டி மெதுவாக ஊர, பிறை போல் வளைந்த படித்துறைகள் முழுவதும் தெரிந்தன. தாயார் கைகூப்பினார், தங்கை பிடில் பெட்டியை மடியில் இறுகப் பிடித்திருந்தாள்.

தங்கியது அனுமான் கட்டத்துச் சந்தில். பாரதியார் இளமையில் வாழ்ந்த இடம் அது. முத்துஸ்வாமி தீட்சிதர் தம் குரு சிதம்பரநாத யோகியுடன் காசியில் பல ஆண்டுகள் இருந்ததும் யாவரும் அறிந்ததே. தென்னாட்டுச் சங்கீதம் வடநாட்டுக் காற்றை அவர் வழியே முன்னரே சுவாசித்துவிட்டது என்று தங்கைக்குச் சொன்னோம். அவள் கேட்கும் நிலையில் இல்லை. அன்றிரவு வெப்பத்தில் மெல்லிய தந்தி அறுந்துவிட்டது. மாற்றுத் தந்தி இருந்தது. ஆனால் புதுத் தந்தி நெகிழ்ந்துகொண்டே இருக்கும், சுருதி நில்லாது. நள்ளிரவு வரை பிருடையைத் திருகித் திருகிச் சேர்த்தாள். தாயார் விசிறிக்கொண்டே உடன் விழித்திருந்தார்.

காலையில் பல்கலைக் கழகத்தின் பெருவாயிலைக் கடந்து மரநிழலில் சென்றோம். தேர்வறை வாசலில் எங்களை நிறுத்திவிட்டனர். கதவின் வழியே யமன் கேட்டது. ஐந்தாறு நிமிடத்தில் நின்றது. எங்கள் நெஞ்சும் நின்றது. தாளம் போட்டுக் காட்டச் சொல்லும் குரல், பின் சிறிது மௌனம், அதன்பின் கல்யாணி! அசையும் காந்தாரத்துடன், எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலைதோறும் கேட்ட அதே கல்யாணி.

வெளியே வந்தவள் சொன்னாள்: "வீட்டில் கற்றதையும் வாசி என்றார்கள் அண்ணா. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். வாசித்தே காட்டினேன்." தாயார் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பிள்ளைகளை இத்தகைய தேர்வுக்கு அனுப்பும் அன்பர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில சொல்லலாம். பத்து ராகம் பாதி தெரிவதிலும் ஒன்று முழுதாகத் தெரிவது மேல். கைத்தாளம் தனியே பழக வேண்டும். புதுத் தந்தியை ஒரு வாரம் முன்பே பூட்டிப் பழக்க வேண்டும். ஒரு நாள் முன்னரே ஊர் சேர வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், வீட்டில் கற்றதை மறைக்க வேண்டுவதில்லை.

தங்கைக்கு இடம் கிடைத்தது. சேமநிதியில் முன்பணம் வாங்கிச் சேர்த்தோம். சோறு போடுமா என்ற வினாவுக்கு இன்றும் எங்களிடம் விடை இல்லை. மாலை ஆறு மணிக்கு எங்கள் கூடம் ஓசையற்றுக் கிடக்கிறது. தாயார் மட்டும் விளக்கேற்றும்போது ஏதோ முணுமுணுக்கிறார். உற்றுக் கேட்டால் அதில் காந்தாரம் அசைவதில்லை, நிற்கிறது.