கால் எழுத்தும் கந்தோரும்

தொண்டர் என்னும் பெயரைச் சூடிக்கொண்டு பிற நாடுகளுக்குப் போய்க் கற்பித்து வருவது இன்று பலருக்கு வழக்கமாகிவிட்டது. செல்வந்த நாட்டு இளைஞர் விடுமுறைக் காலத்தில் வறிய நாடொன்றுக்கு வந்து, பள்ளிக்கூடச் சுவருக்கு வர்ணம் பூசி, படம் பிடித்துக்கொண்டு திரும்புவதை நாம் கண்டிருக்கிறோம்; நகைத்துமிருக்கிறோம். ஆனால் வறிய நாடொன்றிலிருந்து இன்னொரு வறிய நாட்டுக்குச் செல்லும் ஆசிரியரின் நிலை சற்று வேறானது. 2007 ஆம் ஆண்டில் நாம் இருவர் கம்போடியாவின் தாக்கியோ மாகாணத்து அரசாங்க உத்தியோகத்தருக்குக் கணனியின் அரிச்சுவடியைக் கற்பிக்கச் சென்று ஐந்து மாதங்கள் தங்கியிருந்தோம்.

தாக்கியோ, தலைநகர் புனோம்பென்னுக்குத் தெற்கே இருக்கிறது. மாரி காலத்தில் வயலெல்லாம் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். அங்கோர் போரெய் என்னும் பழைய ஊருக்கு அப்போது படகிலேயே போகலாம். கெமர் மொழியில் ஆண்டு குறித்த கல்வெட்டுக்களுள் மிகப் பழையது அவ்வூரிற்தான் கிடைத்தது. அதன் காலம் கி.பி. 611. அவ்வெழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்தது. ஆசிரியரை அம்மக்கள் ‘க்ரு’ என்கிறார்கள். எழுத்தை ‘அக்ஸோர்’ என்கிறார்கள். எங்கள் கச்சேரிக்கு நிகரான மாகாணக் கந்தோருக்கு ‘சாலா கெத்’ என்று பெயர். பழம்பெருமை பேசுவோர் இவ்விடத்தில் நின்றுகொண்டு பல்லவர் புகழ் பாடத் தொடங்கிவிடுவர். எமக்கு அதற்கு நேரமிருக்கவில்லை. அந்த உறவு எமக்கு உண்மையிற் பயன்பட்டது வேறோரிடத்தில், ஒரு கொம்பில்.

எம் கையிலே தரப்பட்ட பாடத்திட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. கோப்பைத் திறப்பது, மூடுவது, சம்பளப் பட்டியலைக் கூட்டுவது, அழகிய படத்தட்டுக்கள் செய்வது என்று அது வரிசைப்படுத்தியிருந்தது. ஆனால் அக்கந்தோரின் அன்றாட வேலையோ கிராமச் சபைகளுக்குக் கெமர் மொழியிற் கடிதம் எழுதுவதும், பெயர்ப் பட்டியல்களைப் பேணுவதுமாகும். படத்தட்டு யாருக்கு வேண்டும்? முதல் வாரத்திலேயே பாடத்திட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டோம்.

அங்கே ‘லிமோன்’ என்னும் பழைய எழுத்துரு ஆட்சி செலுத்திக்கொண்டிருந்தது. எங்கள் நாட்டில் ‘பாமினி’யைப் பழகியோருக்கு அதன் இயல்பு உடனே விளங்கும். உள்ளே இருப்பவை ரோமன் எழுத்துக்களே; மேலே போர்த்தியது மாத்திரம் சுதேச உடை. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் அதே கடிதத்தைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். பெயரைத் தேடவோ அகர வரிசைப்படுத்தவோ ஒழுங்காக முடியாது. பிறப்புப் பதிவைத் தேடி இருபது மைல் தாண்டி வரும் உழவனுக்கு இது வெறும் தொழில்நுட்பச் சங்கதியன்று. அவனது அரை நாட் கூலி.

யுனிகோட் முறைக்கு அவர்களை மாற்றுவதே எமது உண்மையான பணியாயிற்று. கெமரிலும் தமிழைப் போலவே எழுத்துக்கு முன்னே நிற்கும் உயிர்க்குறி உண்டு. பழைய முறையிற் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலே தட்டவேண்டும். முதலிற் கொம்பு, அதன் பின்னரே எழுத்து. புதிய முறையிலோ எழுத்தைத் தட்டிய பிறகே உயிர்க்குறியைத் தட்டவேண்டும். பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாறிய தமிழ் ஆசிரியர் எவருக்கும் இந்த இடறல் பழக்கமானது. பத்தாண்டு லிமோனிற் தட்டிய கைகளுக்கு இது கசந்தது. கெமரில் இன்னொரு சிக்கலும் உண்டு. எழுத்தின் கீழே மற்றோரெழுத்துத் தொங்கும். அதனைக் ‘கால்’ என்று அழைக்கிறார்கள். அதற்கென ஒரு விசையை முன்னதாகத் தட்டவேண்டும். அன்றியும் அம்மொழியிற் சொற்களுக்கிடையே வெளி விடுவதில்லை. வரியை எங்கே மடிப்பதெனக் கணனி அறிவதற்காக, இடைவெளி விசையைத் தட்டியதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிவு விழும். ஒன்றும் தெரியவில்லையே என்று மீண்டும் மீண்டும் தட்டியவர் பலர்.

இம்முறை வகுக்கப்பட்ட வரலாறும் சுவையானது. 1999 இல் யுனிகோட்டின் மூன்றாம் பதிப்பிலே கெமர் எழுத்துச் சேர்க்கப்பட்டபோது தம்மைக் கலந்தாலோசிக்கவில்லை என்று பின்னர் கம்போடிய அதிகாரிகள் முறையிட்டார்கள். ஒரு மக்களின் எழுத்துக்கு அவர்கள் இல்லாத மேசையிலேயே எண் இடப்பட்டுவிட்டது. 1956 இன் பின் தமக்கு விளங்காத மொழியிற் கந்தோர்க் கடிதங்களைப் பெற்றுப் பழகிய எமக்கு அவர்களுடைய சினம் அந்நியமாகத் தோன்றவில்லை. எனினும் அம்முறையை விட்டால் வேறு வழியுமில்லை என்பதையும் நாமே அவர்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது.

எமது வகுப்பில் மூத்தவர் ஐம்பத்தாறு வயதான ஓர் இலிகிதர். அவரை எல்லோரும் ‘ஓம்’ என்றே அழைப்பர். அது பெரியப்பா முறை. யாழ்ப்பாணத்தாராகிய நாம் எதற்கெடுத்தாலும் ‘ஓம், ஓம்’ என்று தலையசைக்க, அவர் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்ப்பார். 1975 ஏப்பிரல் 17 இல் கெமர் ரூஜ் படையினர் தலைநகரைக் கைப்பற்றியபோது அவர் ஆசிரிய மாணவர். எழுத்தறிவே மரணத்துக்குக் காரணமாகிய அந்நாட்களிலே தாம் சைக்கிள் றிக்ஷா ஓட்டுபவர் என்று சொல்லி, எழுதப் படிக்கத் தெரியாதவராக நடித்து உயிர் பிழைத்தார். புரட்சி என்னும் சொல்லை எளிதாக உச்சரிக்கும் எம் போன்றோர் அவர் முன்னிலையில் மௌனமாக இருந்து கேட்க வேண்டியிருந்தது. அதனை நாம் நல்லதொரு பாடமென்றே கருதுகிறோம். ஏழைகளின் பெயரைச் சொல்லிப் பள்ளிகளை மூடிய ஆட்சியை எந்தத் தத்துவத்தாலும் கழுவிவிட முடியாது.

1979 ஜனவரியில் அவ்வாட்சி வீழ்ந்தபின், அதிகம் தெரிந்தவர் குறைவாகத் தெரிந்தவருக்குக் கற்பிப்பது என்ற முழக்கத்தோடு நாடு மீண்டும் பள்ளிகளைத் திறந்தது. பழைய பதிவேடுகள் அழிந்திருந்தன. வாய்மொழியாகக் கேட்டுக் கேட்டு ஊர்ப்பெயர்களை மீண்டும் ஏட்டில் எழுதியோருள் ‘ஓம்’ ஒருவர். ஆகையால் அவர் எம்மிடம் கேட்டார்: “இந்தப் பெட்டி பழுதானால் பெயர்கள் எங்கே போகும், லோக் க்ரு?” வாரந்தோறும் எல்லாவற்றையும் அச்சிட்டு நூலாற் கட்டி வைக்கவேண்டுமென்று அவர் பிடிவாதம் பிடித்தார். இளைஞர் சிரித்தார்கள். நாம் அவர் பக்கமே நின்றோம். எழுத்துக்களின் வரிசையை முதலில் விளங்கிக்கொண்டவரும் அவரே. பள்ளியில் எழுத்துக்கூட்டும் வரிசையும் அதுவே என்று கண்டு, மற்றோருக்கு அவர் சொன்ன பிறகுதான் வகுப்பு ஓடத் தொடங்கியது.

சம்பளத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. எம் மாணவருட் பலர் மாதம் 50 டொலரை எட்டாத ஊதியம் பெற்றனர். பிற்பகலில் மோட்டார் சைக்கிளில் ஆளேற்றியும், காய்கறி விற்றும், சிலர் கையொப்பத்துக்கு விலை வைத்தும் குடும்பம் நடத்தினர். அக்கையொப்பத்துக்குக் காசு கொடுத்தவன் உழவனே. பயிற்சி வகுப்புக்கு வந்தால் கிடைக்கும் நாட்படியை எண்ணி வந்தோரும் இருந்தனர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மிகத் திறமையான இரு இளைஞர், வகுப்பு முடியுமுன்னரே வெளிநாட்டு உதவி நிறுவனங்களிற் பல மடங்கு சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டனர். அரசாங்கக் கந்தோரைப் பலப்படுத்தவென வரும் பணமே அதன் கைகளை விலைக்கு வாங்கிக்கொள்கிறது. இளைஞரை நாம் நோகவில்லை. இக்கணக்கை எழுதியவர் வேறிடத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படத்தட்டுக்கள் நன்றாகத் தெரியும்.

நாம் புறப்படும் வாரத்தில் அவ்விடங்களுக்குப் புதிதாக இரு பெண்கள் நியமிக்கப்பட்டனர். பிற்பகலில் மின்சாரம் நின்றுவிட்டது. ‘ஓம்’ ஒரு காகிதத்தில் விசைப்பலகையைக் கோடு கோடாக வரைந்து மேசையில் விரித்தார். அப்பெண்களின் விரல்களை அதன்மேல் வைக்கச் செய்து, எழுத்து, கால், பிறகு உயிர்க்குறி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.