ஷகீலா அம்மாவும் மாமாவின் ட்ரங்குப் பெட்டியும்

2021 ஏப்ரல். 'பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை கிடையாது, எல்லோரும் பாஸ்' என்று அரசாங்கமே சொல்லிவிட்ட பொற்காலம். புளியங்குடியில் எங்கள் வீட்டு ஹாலில் ஆச்சி, அம்மா, மாமா, நான் நாலு பேரும் 'குக் வித் கோமாளி' சீசன் 2 ஃபைனல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆச்சி, ஷகீலாவின் தீவிர ரசிகை! புகழ் 'அம்மா... அம்மா' என்று அவரைச் சுற்றி வரும்போதெல்லாம் ஆச்சிக்குக் கண் கலங்கிவிடும். "நல்ல மனசுக்காரிட்டி. யாரு பெத்த புள்ளையோ!" கனி ஜெயித்து, ஷகீலா ரெண்டாவது வந்ததும் டி.வி-யைத் திட்டிக்கொண்டே படுக்கப் போனார்.

அந்த சீசன் முழுக்க ஒரு விஷயத்தைக் கவனித்தேன். திரையில் ஷகீலா வந்தால் மாமா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அம்மா, சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். ஆச்சிக்கும் எனக்கும் மட்டும்தான் ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு விடை கிடைத்தது காலேஜ் சேர்ந்த பிறகு, கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஒரு மீம் மூலமாக. பசங்க விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் ரெண்டு சிரிப்பு பொம்மை தட்டிவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதற்கப்புறம் ஒரு பொங்கல் லீவு. வெள்ளையடிக்க பரணைக் காலி பண்ணும்போது ஒரு ட்ரங்குப் பெட்டி இறங்கியது. திறந்தால், அறுபது எழுபது சி.டி. பாதிக்கு மேல் அட்டையே இல்லாமல் மார்க்கரில் வெறும் நம்பர். அட்டை இருந்தவற்றில், மரத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் பெண்கள். கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு. தேதி, பெயர், அட்வான்ஸ், படம். 'படம்' என்ற இடத்தில் 'படையப்பா', 'முதல்வன்', 'குஷி', நடு நடுவே 'சாமி படம்', 'சாமி படம்', 'சாமி படம்'.

"எங்க ஊர்ல இவ்ளோ பக்தியா மாமா?" என்றேன் அப்பாவியாக. மாமா முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதும் மாமா, 1999-லிருந்து 2006 வரை பஸ் ஸ்டாண்ட் பக்கம் சி.டி வாடகைக் கடை வைத்திருந்தார். சாதாப் படத்துக்குப் பத்து ரூபாய், 'சாமி படத்து'க்கு இருபது. "அண்ணே, புதுசா சாமி படம் வந்திருக்கான்னு கேப்பானுவ. நான் தாள்ல சுத்திக் குடுப்பேன். மஞ்சப்பைக்குள்ள போயிரும்" என்றார் மாமா, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து.

என் வயசு ஆட்களுக்காகக் கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். செங்கோட்டை தாண்டி புளியரை போனால் அந்தப் பக்கம் கேரளா. அங்கே 80-களின் கடைசியில் 'ஆதிபாபம்' (1988), சில்க் ஸ்மிதா நடித்த 'லயனம்' (1989) போன்ற சின்ன பட்ஜெட் 'ஏ' படங்கள் ஓடின. பெரிய வெடி 2000-த்தில் வந்த 'கின்னாரத்தும்பிகள்'. ஷகீலா அதில் மலையாள நட்சத்திரமானார். அவர் மலையாளியே இல்லை, நம்ம சென்னை கோடம்பாக்கத்து ஆள்! அதற்குப் பிறகு வரிசையாக அவர் படங்கள். தமிழ், தெலுங்கு, இந்தி என்று டப்பிங் பறந்தது. ஐந்தே வருஷத்தில் அந்த அலை அடங்கியும்போனது. நம்ம ஊர்களில் இந்தப் படங்களுக்கு என்று தனி தியேட்டர், தனி காலைக்காட்சி, தனி சுவர்ப் போஸ்டர். பெண்கள் அந்தத் தெருவழியே போனால்கூட தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். வி.சி.டி வந்ததும் தியேட்டர் வாசலில் மாட்டிக்கொள்ளும் பயம் போயிற்று. படம் வீட்டுக்கே வந்துவிட்டது. (வீட்டில் இருந்த பெண்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்று மாமாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.)

'பிட்டுப் படம்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த 'பிட்' என்ன தெரியுமா? சென்சார் 'ஏ' சான்றிதழ் கொடுத்த படத்தில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. குளியல், மழை, பெருமூச்சு, அவ்வளவுதான். சான்றிதழ் வாங்கிய பிறகு, எங்கேயோ எடுத்த ஒரு துண்டு ஃபிலிமை நடுவில் ஒட்டி ஓட்டுவார்கள். 1952 சினிமாட்டோகிராஃப் சட்டப்படி அது குற்றம். அந்தத் துண்டில் நடித்தது படத்தின் நாயகியாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தன் படங்களில் டூப் நடிகைகளை வைத்து எடுத்தார்கள் என்று ஷகீலாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டூப்பாக வந்தவருக்குப் பெயர் இல்லை, ஒட்டியவருக்குப் பெயர் இல்லை, பார்த்தவருக்கு நிச்சயமாகப் பெயர் இல்லை. மொத்த தியேட்டரிலும் போஸ்டரில் பெயரும் முகமும் இருந்த ஒரே ஆள் ஷகீலாதான். மீம் யார் முகத்தில் போட முடியும், சொல்லுங்கள்!

சரி, இன்ஜினீயரிங் படிக்கிறோமே, ஒரு சி.டி-யையாவது ஓடவைத்துப் பார்ப்போம் என்று ஆசை. மாமா "வேண்டாம்ட்டி" என்றார், ஆனால் பெட்டியைப் பூட்டவில்லை. ஃப்ரெண்டிடம் யு.எஸ்.பி டிவிடி டிரைவ் கடன் வாங்கினேன். முதல் டிஸ்க், 'கர்ர்ர்'. ரெண்டாவது, 'கர்ர்ர்'. பத்தாவது வரை இதே சங்கீதம்.

ஏன் என்று தேடியபோதுதான் விஷயமே சுவாரஸ்யமானது. வி.சி.டி 1993-ல் வந்த ஃபார்மட். எம்பெக்-1 வீடியோ, 352-க்கு 288 பிக்ஸல். நம்ம போனில் ஒரு ஸ்டிக்கர் இதைவிடத் தெளிவாக இருக்கும். ஒரு டிஸ்கில் 74 நிமிஷம்தான் அடங்கும், அதனால்தான் ஒரு படத்துக்கு ரெண்டு, மூணு டிஸ்க். கம்ப்யூட்டர் ஃபைல் பதியும் சி.டி-யில் ஒவ்வொரு செக்டாரிலும் 2,048 பைட் தகவல்தான் இருக்கும். மிச்ச இடம், கீறல் விழுந்தாலும் திருத்திக்கொள்வதற்கான கணக்குக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். வி.சி.டி-யில் படம் இருக்கும் செக்டாரில் அந்தத் திருத்தக் கணக்கில் ஒரு அடுக்கையே தூக்கிவிட்டு 2,324 பைட் அடைத்தார்கள். படம் நீளமாக ஓட வேண்டும், அவ்வளவுதான் குறி. அதிலும் இவை பெரும்பாலும் வீட்டில் ரைட் பண்ணிய டிஸ்குகள். வெயிலும் ஈரமும் பட்டால் உள்ளே இருக்கும் சாயமே வெளுத்துவிடும். எங்கள் பரணில் இருபது கோடை!

பதினேழாவது டிஸ்க் மட்டும் திறந்தது. நாலு நிமிஷம். முதலில் வந்தது சென்சார் சான்றிதழ், பெரிய 'ஏ'. அப்புறம் டைட்டில். அப்புறம் ஒரு ரப்பர் தோட்டம், அதில் குடத்தோடு நடந்து வரும் ஒரு பெண். வாயசைவு ஒன்று, தமிழ்க் குரல் ஒன்று. அவள் திரும்பிப் பார்க்கும்போது முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. புளியங்குடியின் இளைஞர் சமுதாயத்தைக் கெடுத்த அந்த மாபெரும் பெட்டியில் மிஞ்சியது இதுதான்.

பழைய டிஸ்கைக் காப்பாற்ற வழி தேடிக்கொண்டிருந்தபோது இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கேயும் இதே கதை, 25 வருஷம் முன்னாடி! 1974-ல் பிரான்ஸில் 'எம்மானுவேல்' என்ற படம் சக்கைப்போடு போட்டது. உடனே இத்தாலிக்காரர்கள் பெயரில் ஒரு 'எம்' எழுத்தை மட்டும் உருவிவிட்டு, கேஸ் வராத மாதிரி, 1975-ல் 'எமானுவேல் நேரா' எடுத்தார்கள். நம்ம ஆட்கள் தோற்றார்கள் போங்கள்! நாயகி லாரா ஜெம்சர், இந்தோனேஷியாவில் பிறந்தவர். அடுத்தடுத்த பாகங்களை எடுத்தவர் ஜோ டி'அமாட்டோ. அதுவே புனைபெயர்தான், நிஜப் பெயர் அரிஸ்டிடே மசாச்செசி. கேமராவும் அவரே. கையில் காசு கம்மி, கதை அதைவிடக் கம்மி.

ஆனால் 2023-ல் அமெரிக்காவின் செவரின் ஃபிலிம்ஸ் என்ற கம்பெனி இந்தப் படங்களைத் தேடிச் சுத்தம் செய்து, 15 டிஸ்க் கொண்ட ஒரு பெட்டியாக வெளியிட்டிருக்கிறது. உள்ளே கட்டுரைகள், பேட்டிகள், தனியாக ஒரு புத்தகம் வேறு. ஜெம்சர் பின்னாளில் அதே டி'அமாட்டோ கம்பெனியில் படங்களுக்கு உடை வடிவமைத்தாராம். உடையே இல்லாமல் நடிக்கவைத்தவர்களுக்கு உட்கார்ந்து உடை தைத்துக் கொடுத்திருக்கிறார். 1991-ல் கணவர் இறந்த பிறகு சினிமாவைவிட்டே ஒதுங்கிவிட்டார்.

அந்தப் படங்கள் உலக மகா காவியம் என்று நான் சொல்லவில்லை. பாதிக்கு மேல் பார்க்கவே சகிக்காது என்றுதான் விமர்சகர்களும் எழுதுகிறார்கள். வன்முறையை ரசிக்கவைக்கும் காட்சிகளும் உண்டு, அதெல்லாம் எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் 'நாங்கள்தான் எடுத்தோம், நாங்கள்தான் பார்த்தோம்' என்று ஒப்புக்கொண்டு ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அது இல்லை. தர்ஷனா ஸ்ரீதர் மினி என்ற ஆய்வாளர் இந்த மலையாளப் படங்களைப் பற்றி 'ரேட்டட் ஏ' என்று ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார், 2024-ல் வந்தது. ஷகீலா தன் கதையைத் தானே மலையாளத்தில் 2013-ல் புத்தகமாகப் போட்டார். அவ்வளவு படம் நடித்தும் சம்பாதித்த பணம் தன் கையில் தங்கவில்லை என்று பேட்டிகளில் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம்,

"ஒனக்குத் தெரியுமாட்டி, ஒங்கம்மா கல்யாணத்துக்குப் போட்ட ரெட்டை வடம் இந்தப் பெட்டியில இருந்து வந்தது. 'படையப்பா' வாடகையில வரல."

அம்மா கல்யாணம் 2003. அடுத்த வருஷம் திருட்டு வி.சி.டி ஆட்களையும் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள். மாமா பயந்துபோய் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார். 2007-ல் மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்குப் புது வி.சி.டி-யே விற்க ஆரம்பித்தபோது மாமாவின் கடையே இல்லை.

"அப்புறம் எனக்குப் பொண்ணு பாத்தாங்க. மூணு எடம். மூணும் பேசி முடிச்ச பெறவு தட்டிப்போச்சு. 'பய பிட்டுப்பட சி.டி குடுக்கவனாம்ல'ன்னு யாரோ போட்டுக் குடுத்துட்டான்."

"யாரு மாமா?"

மாமா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "யாரா இருந்தா என்னட்டி. வெள்ளிக்கெழம தவறாம வாரவன்."

மாமாவுக்கு இப்போது 49 வயசு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பெயர் நோட்டில் இருக்கிறது. நான் படித்தேன். ஊரில் மரியாதையான ஆள், எங்கள் தெரு பிள்ளையார் கோயில் கொடைக்கு நன்கொடை எழுதுபவர். அன்று ராத்திரி குரூப்பில் அந்தப் பழைய மீமைத் தேடி என் சிரிப்பு பொம்மைகளை எடுத்துவிட்டேன். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எம்பேரு போடாத, அவன் பேரையும் போடாத" என்றார். ரெண்டும் போடவில்லை, மாமா.

பதினோரு அட்டைகளை நான் ஃபைலில் வைத்துக்கொண்டேன். நாலு நிமிஷ வீடியோ என் லேப்டாப்பில் இருக்கிறது. மிச்ச டிஸ்குகளை மாமா, ஃப்ரெண்டின் கொய்யாத் தோட்டத்தில் கிளி விரட்டக் கட்டுவதற்காக நூலில் கோத்துக்கொண்டிருந்தார். ஆச்சி வந்து நின்றார்.

"இது என்னது, பளபளன்னு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

"சாமி பட சி.டிம்மா. ஓட மாட்டேங்கு" என்றார் மாமா.

ஆச்சி ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அப்ப கால் படாத எடமாப் பாத்து ஒசரக் கட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.