ஜி7 சிப்பாய்

செஸ் கத்துக்கப் போனா முதல் நாளே சொல்லிடுவாங்க: நடுவுல இருக்கிற டி4, இ4, டி5, இ5, இந்த நாலு கட்டத்தை விடாதே. அங்க நிக்கிற குதிரை எட்டு கட்டத்தைத் தாக்கும், மூலையில நின்னா ரெண்டுதான். இதை நம்பிட்டு மெரான் ஓப்பனிங்கைப் பார்த்தீங்கன்னா தலை சுத்தும். கறுப்பு ஆறாவது நகர்த்தல்லயே தன் டி5 சிப்பாயை விட்டு சி4-ல வெட்டுது. நடுவை எதிராளிக்கு எழுதிக் கொடுத்த மாதிரி.

ஆனா கணக்கு இருக்கு. டி3-ல இருந்த வெள்ளை பிஷப் சி4-ல திருப்பி வெட்டணும், உடனே பி5 வந்து அதைத் துரத்தும், அது மறுபடி டி3-க்கே போகும். அந்த இடைவெளியில கறுப்பு ஏ6, சி5 ஆடி நடுவைப் பக்கத்துல இருந்து உடைக்குது. வெள்ளை சும்மா இருக்க முடியாது. இ4, இ5-னு பாய்ஞ்சாகணும். 13 நகர்த்தல் முடிஞ்சு போர்டைப் பாருங்க: வெள்ளைக்கு சி, டி, இ வரிசையில ஒரு சிப்பாய்கூட இல்லை! கறுப்புக்கு டி4-லயும் இ6-லயும் இருக்கு. விலை என்னன்னா, ஜி7 சிப்பாய் எஃப்6-ல வெட்ட வேண்டி வந்ததால ராஜா பக்கம் கிழிஞ்சு கிடக்கு. அந்த சிப்பாயை ஞாபகம் வெச்சுக்கோங்க.

2008 அக்டோபர், ஜெர்மனியில பான் நகரம். உலக சாம்பியன்ஷிப்ல கிராம்னிக்குக்கு எதிரா மூணாவது ஆட்டத்துல நம்ம ஆனந்த் கறுப்புல இதை ஆடினார். 14-வது நகர்த்தல், பிஷப் பி7. கையில இருந்த ஒரு சிப்பாய் லாபத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துட்டார். பதிலுக்கு அந்த பிஷப்பும், திறந்து கிடக்கிற ஜி வரிசையில வரப்போற யானையும் வெள்ளை ராஜாவையே குறி வைக்குது. ஜெயிச்சார். அஞ்சாவது ஆட்டத்துல கிராம்னிக் மறுபடி அதே வழியில வந்தார்.

அந்த ஆட்டம்னாலே எல்லாரும் 34-வது நகர்த்தலைத்தான் பேசுவாங்க. எங்க திருவாலங்காட்டுக் கதையிலயும் அப்படித்தான். நடராஜர் தூக்கின கால்தான் பேச்சு, அதுக்கு முன்னாடி காளி ஈடு கொடுத்து ஆடினதை யாரும் விவரமா சொல்றதில்லை. எனக்கு அந்த முன்பகுதிதான் பிடிக்கும். எஃப்6 சிப்பாய் 17-ல எஃப்5, 18-ல எஃப்4. கேஸ்லிங் கிடையாது. 21-ல ராஜாவே இ7-க்கு, அதாவது நடுவுக்கு நடந்து வருது! 13 மார்க் டெரிவேஷனை மனப்பாடம் பண்ற மாதிரி இந்த வரிசையை மனப்பாடம் பண்ணினா, எதிராளி ஒரு ஸ்டெப் மாத்தின உடனே நின்னுடுவோம்.

29-ல கிராம்னிக் குதிரையால டி4 சிப்பாயை எடுத்தார். நடுவுல இருந்த அந்த சிப்பாய் ஓசியில கிடைச்ச மாதிரி தெரிஞ்சது. அஞ்சு நகர்த்தல் கழிச்சு, 34-ல ஆனந்த் குதிரையை இ3-ல கொண்டுபோய் வெச்சார். வெள்ளை அதை வெட்ட, எஃப்4-ல காத்திருந்த சிப்பாய் திருப்பி வெட்டி இ3-க்கு வந்துடுச்சு. அடுத்தது இ2. தடுக்க வேண்டிய பிஷப்போ யானையால எஃப்1-லயே கட்டிப்போடப்பட்டிருந்தது. கிராம்னிக் அங்கேயே தோல்வியை ஒத்துக்கிட்டார்.

அது அந்த ஜி7 சிப்பாய்தான்.