கண்ணாடியை எங்கே வைப்பது

ரியாத்தில் வீட்டு டிரைவராகச் சேர்ந்தவனுக்கு முதல் நாள் கிடைக்கும் பாடம், நடுக் கண்ணாடியை எங்கே வைப்பது என்பது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டில் வேலை பார்த்த ஒரு மலையாளி அண்ணன். ஸ்டீரிங் முன்னால் என்னை உட்காரவைத்து, கண்ணாடியை மேல்நோக்கிச் சாய்த்து, பின்பக்கக் கண்ணாடியின் மேல்பாதி மட்டும் தெரியும்படி நிறுத்தினார். பின்னால் வரும் லாரியின் கூரை தெரியும். பின் இருக்கையில் இருப்பவர் முகம் தெரியாது. இதற்குக் கீழே ஒரு நாளும் இறக்காதே என்றார். மிச்சத்தை இரண்டு பக்கக் கண்ணாடிகளில் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் ஓட்டியது ஜிஎம்சி யூக்கான், அவ்வளவு பெரிய வண்டி. ரிங் ரோட்டில் நூறுக்கு மேல் போய்க்கொண்டு, நடு முதுகில் கண் இல்லாமல் லேன் மாறுவது எவ்வளவு கஷ்டம் என்று தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் விசாவில் 'சாயிக் காஸ்' என்று தொழில் போட்டிருக்கும். ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஓட்டுகிறவன். பெண்கள் வண்டி ஓட்டுவதை அனுமதிக்காத நாடாக உலகத்திலேயே சவூதி ஒன்றுதான் மிஞ்சியிருந்த காலம் அது. அந்தத் தடையின் மேல்தான் எங்கள் பிழைப்பு நின்றது. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அங்கே வீட்டு டிரைவர்களாக இருந்தோம். ஒரு பெண் டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானாலும், ஆசிரியை பள்ளிக்கூடம் போக வேண்டுமானாலும், கல்லூரிப் பெண் பரீட்சைக்குப் போக வேண்டுமானாலும், எங்கிருந்தோ வந்த ஒருவன் சாவியை எடுத்தால்தான் நடக்கும்.

இதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. பெண்கள் அந்நிய ஆணுடன் தனியாக இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அங்கே கடுமையாக இருந்தது. ஓட்டல்களில் குடும்பத்துக்குத் தனி வாசல், வங்கியில் பெண்களுக்குத் தனிக் கிளை. சித்தப்பா மகனோடு ஒரே வண்டியில் போனால்கூடக் கேள்வி வரும். ஆனால் தஞ்சாவூரிலிருந்தோ சில்ஹெட்டிலிருந்தோ வந்த முன்பின் தெரியாத ஒருவனோடு, நாளெல்லாம், கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வண்டியில் போகலாம். நாங்கள் ஆண் கணக்கில் வரவில்லை, அதனால்தான் அது நடந்தது. அந்த நடுக் கண்ணாடியைத் திருப்பி வைப்பதன் அர்த்தமும் அதுதான். நீ இங்கே இல்லை என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்ள வேண்டும். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டாலும், சண்டை கேட்டாலும், காதில் விழாதவனாக சிக்னல் பச்சையாவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படி இல்லாதவனாக இருந்துகொண்டே வண்டி ஓட்டுவதற்கு ஒரு கைத்திறன் வேண்டும். பிரேக்கைச் சொல்கிறேன். வண்டி நிற்கப்போகும் கடைசி ஒரு மீட்டரில் பிரேக்கை அப்படியே அழுத்திக்கொண்டிருந்தால், பயணியின் தலை முன்னே போய்ப் பின்னே வரும். அந்த இடத்தில் பாதத்தை ஓர் இழை தளர்த்த வேண்டும், சக்கரம் நின்றதும் மறுபடி அழுத்த வேண்டும். பின்னால் ஃபிளாஸ்கிலிருந்து கஹ்வா என்கிற அரபிக் காப்பியை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். ஃபின்ஜான் என்பது பிடி இல்லாத சின்னக் கோப்பை. அதில் இருக்கிற காப்பி தளும்பாமல் சிக்னலில் நிற்கத் தெரிந்தவனைத்தான் அந்த வீடுகளில் டிரைவராக மதிப்பார்கள். வேகமாகப் போகத் தெரிந்தவன் ஊரெல்லாம் இருந்தான்.

அடுத்தது பெண்கள் மேலே போட்டுக்கொள்ளும் அபாயா என்கிற நீள அங்கி. ஏறும்போது கதவை யார் சாத்தினாலும், கறுப்புத் துணியின் ஓரம் கதவில் சிக்கும். காற்று அடிக்கிற நாளில் கட்டாயம் சிக்கும். டாஷ்போர்டில் கதவு விளக்கு அணைந்துவிட்டது என்று உடனே நகரக் கூடாது. பக்கக் கண்ணாடியை ஒரு விரலால் கீழே இறக்கி, கதவின் அடிவிளிம்பில் துணி தொங்குகிறதா என்று பார்த்து, பிறகு ஏற்றிவிட்டுக் கிளம்ப வேண்டும். துணி சக்கரத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதை எந்த டிரைவிங் ஸ்கூலும் சொல்லித்தந்ததில்லை.

வழி கண்டுபிடிப்பதும் அப்படித்தான். கூகுள் மேப் கைக்கு வருவதற்கு முன், ரியாத் முகவரி என்றால் ரிங் ரோட்டின் எக்ஸிட் நம்பர், அதன் பிறகு ஒரு பள்ளிவாசல், அதற்குப் பின்னால் ஒரு பார்மஸி. அவ்வளவுதான். எக்ஸிட்டைத் தவறவிட்டால் அடுத்ததில் இறங்கி, சர்வீஸ் ரோட்டில் திரும்பி, பாலம் ஏறி வர வேண்டும். நெடுஞ்சாலையில் முன்னால் திடீரென்று நெரிசல் தெரிந்தால் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். அதைப் பார்த்துப் பின்னால் வருபவனும் போடுவான், அவனுக்குப் பின்னால் வருபவனும் போடுவான். அங்கே ஓட்டுகிறவர்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்ட பழக்கம் அது, எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் மக்ரிப் தொழுகைக்கு முந்தைய அரை மணி நேரம்தான் வருடத்திலேயே அபாயமானது. பகலெல்லாம் தண்ணீர் குடிக்காத நகரம் முழுவதும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு ஓடும். பாங்கு சொல்லிவிட்டால் சிக்னலில் இளைஞர்கள் பேரீச்சம்பழமும் தண்ணீரும் ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். அதை வாங்கிக்கொண்டு நிதானமாகப் போனால் போதும் என்று தெரிந்தும் ஓடுவார்கள்.

2010-இல் ஸாஹிர் என்ற போக்குவரத்துக் கேமராக்கள் வந்தன. அதற்கு முன் ரோட்டில் இருந்த பயம் வேறு, பிறகு வந்தது வேறு. இன்று சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதம் 3000 ரியாலில் தொடங்குகிறது. என்னைப் போன்றவனுக்கு அது ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம். 2018 மார்ச்சில் சீட் பெல்ட்டையும் கையில் இருக்கும் போனையும் பிடிக்கிற கேமராக்கள் வேலை செய்யத் தொடங்கின. அந்த நாட்டின் ரோட்டைத் திருத்தியதில் கேமராவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை நான் எங்கேயும் சொல்வேன்.

2017 செப்டம்பர் 26 அன்று இரவு மன்னர் சல்மானின் ஆணை வெளியானது. 2018 ஜூன் 24 முதல் பெண்கள் ஓட்டலாம். ரியாத்தின் பத்தா பகுதியில் வெள்ளிக்கிழமை கூடுகிற எங்கள் ஆட்களுக்கு அன்றிலிருந்து வேறு பேச்சு இல்லை. எல்லோருக்கும் எக்ஸிட் விசா அடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். எனக்கும் பயம்தான். ஊரில் வீடு பாதியில் நின்றது, மகள் பிளஸ் டூ. ஆனால் அந்த ஆணை சரியானது என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, அவசரமாக மருந்து வாங்க, மல்ஹக் என்கிற வெளியறையில் தூங்குகிற டிரைவரின் கதவைத் தட்டி நிற்க வேண்டியிருந்ததை அவ்வளவு காலம் பார்த்தவன் வேறு எப்படி நினைக்க முடியும்?

அந்த உரிமை மேலிருந்து தானாக இறங்கி வந்ததாகச் சிலர் பேசுவார்கள். அப்படி இல்லை. 1990 நவம்பர் 6 அன்று, 47 பெண்கள் ரியாத்தில் தங்கள் டிரைவர்களை இறக்கிவிட்டுத் தாங்களே ஸ்டீரிங்கைப் பிடித்து ஊர்வலமாக ஓட்டினார்கள். பாஸ்போர்ட் பறிபோனது, பலருக்கு வேலை போனது. 2011-இல் மனால் அல் ஷரீஃப் என்ற பெண் கோபார் நகரில் வண்டி ஓட்டி, அந்த வீடியோவை வெளியிட்டதற்காகச் சிறைக்குப் போனார். இதே உரிமைக்காகப் போராடிய லுஜைன் அல் ஹத்லூலைத் தடை நீங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2018 மே மாதம் கைது செய்தார்கள். அவர் வெளியே வந்தது 2021 பிப்ரவரியில். ஓட்டக் கேட்டவர்கள் உள்ளே இருக்க, மற்றவர்கள் ஓட்டத் தொடங்கினார்கள். 1990-இல் இறக்கிவிடப்பட்ட அந்த டிரைவர்களைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஓரத்தில் நின்று, தாங்கள் தினமும் ஓட்டிய வண்டி போவதைப் பார்த்திருப்பார்கள்.

எங்கள் மதாம், நான் ஓட்டிய வீட்டின் எஜமானி, பள்ளிக்கூட ஆசிரியை. இளவரசி நூரா பல்கலைக்கழகத்தில் இருந்த பயிற்சி மையத்தில் படித்து லைசென்ஸ் வாங்கினார். அதன் பிறகு, வெள்ளிக்கிழமைக் காலையில் நகரம் காலியாக இருக்கும்போது நான் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று கபீல், எனக்கு விசா கொடுத்த வீட்டுக்காரர், சொன்னார். மூத்த மகள் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். மதாம் செய்த முதல் வேலை, நடுக் கண்ணாடியைப் பிடித்துக் கீழே இழுத்து, பின்பக்கக் கண்ணாடி முழுவதும் தெரியும்படி வைத்தது. மகளின் முகமும் அதில் தெரிந்தது. அந்த வண்டியில் அந்தக் கண்ணாடி அன்றுதான் தன் வேலையைச் செய்தது.

கற்றுக்கொடுக்கும்போது ஒன்று புரிந்தது. பின் இருக்கையிலேயே வாழ்ந்தவருக்கு ஊர் அத்துப்படி. எந்த எக்ஸிட்டில் எந்த நேரம் நெரிசல், குரைஸ் ரோட்டில் எங்கே லேன் குறுகும், எந்தப் பள்ளிக்கூட வாசலில் யூ டர்ன் அடைத்துக்கொள்ளும் எல்லாம் என்னைவிட நன்றாகச் சொன்னார். தெரியாதது தூரம். பக்கத்து லேனில் வருகிற வண்டி கண்ணாடியில் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தால் மாறலாம், எவ்வளவு பெரிதானால் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு. அதை உட்கார்ந்து பார்த்துப் பழக முடியாது, கையில் ஸ்டீரிங் இருந்தால்தான் வரும். மதாம் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்பார். என் அரபி வலது, இடது, நில், கேட் நம்பர் அளவில் இருந்த அரபி. காலுக்கும் கைக்கும் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இண்டிகேட்டரை நம்பாதீர்கள், பக்கத்து வண்டியின் முன்சக்கரத்தைப் பாருங்கள், சக்கரம் திரும்பினால்தான் அவன் திரும்புகிறான் என்றேன். வலப்பக்கம் போகும் ஒரு காம்ரியின் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அது இண்டிகேட்டர் இல்லாமலே உள்ளே வந்தது. மதாம் ஏற்கெனவே வேகத்தைக் குறைத்திருந்தார். பின்னாலிருந்து மகள் கைதட்டினாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு கேள்விகள் வேறு பக்கம் போயின. உன் மனைவி ஓட்டுவாளா என்று கேட்டார். ஸ்கூட்டி ஓட்டுவாள் என்றேன். மகள் என்ன படிக்கிறாள், ஊரில் மழை எப்போது என்றெல்லாம் பேச்சு வந்தது. அத்தனை வருடம் ஒரே வண்டியில் போய்வந்தும் அந்தக் கேள்விகள் பக்கத்து இருக்கைக்கு வந்த பிறகுதான் வந்தன.

எக்ஸிட் அடிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள், எங்கள் தெருவிலேயே. பெண்கள் ஓட்டியது மட்டும் காரணமில்லை. 2018 ஜனவரியில் 91 ஆக்டேன் பெட்ரோல் லிட்டர் 0.75 ரியாலிலிருந்து 1.37 ஆனது, வாட் வரி 5 சதவீதம் வந்தது, 2020-இல் அது 15 ஆனது. டிரைவர் வைத்துக்கொள்வது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. போன் எடுத்தால் ஊபரோ கரீமோ வந்து நிற்கும். 2024 டிசம்பரில் ரியாத் மெட்ரோவும் ஓடத் தொடங்கியது. ஆறு லைன், 176 கிலோமீட்டர். பெரிய குடும்பங்களில் நாங்கள் மிஞ்சினோம். மதாம் தன் பள்ளிக்கூடத்துக்குத் தானே போனார். பாட்டியை டயாலிசிஸுக்கும், குழந்தைகளைப் பள்ளிக்கும், விருந்தாளிகளை ஏர்போர்ட்டுக்கும் நான் ஓட்டினேன்.

மாறாமல் நின்றது வேலை நேரம். கல்யாண மண்டபத்தில் பெண்கள் பகுதி காலியாக இரவு மூன்று மணி ஆகும், வாசலில் வண்டியில் காத்திருக்க வேண்டும். ஆறு மணிக்குப் பள்ளிக்கூட ஓட்டம். தூக்கம் கெட்ட டிரைவர் எந்த நாட்டு ரோட்டிலும் ஆபத்து. நல்ல வீடுகள் இதைப் புரிந்துகொண்டன, புரிந்துகொள்ளாத வீடுகளும் இருந்தன. வீட்டு வேலைக்காரர்களும் வீட்டு டிரைவர்களும் சவூதியின் பொதுவான தொழிலாளர் சட்டத்துக்குள் வருவதில்லை. வேலை மாறுவதை எளிதாக்கிய 2021 சீர்திருத்தத்திலும் எங்களைச் சேர்க்கவில்லை. எங்களுக்கென்று 2013-இல் தனி விதிமுறை வந்தது. நாளுக்குக் குறைந்தது 9 மணி நேர ஓய்வும் வாரத்தில் ஒரு நாள் விடுப்பும் அப்போதே அதில் எழுதப்பட்டவை. எழுதியிருக்கிறது என்பதே தெரியாமல் வருடக்கணக்கில் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

ஊர் திரும்பிய பிறகு, விசா வந்திருக்கிறது என்று பையன்கள் என்னிடம் வழி கேட்டு வருகிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் ஏஜென்ட்டிடம் கேட்டுவிட்டு வருகிறார்கள். ஒப்பந்தத்தை வாங்கி, ஓய்வு நேரமும் வார விடுப்பும் அதில் எழுத்தில் இருக்கிறதா என்று என் முன்னாலேயே படிக்கச் சொல்கிறேன். இல்லையென்றால் எழுதிக் கேட்கச் சொல்கிறேன். எழுதித் தர மாட்டேன் என்கிற ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டாதே என்கிறேன்.