நிற்பதும் நிறுத்துவதும்

ஆங்கில வினைச்சொல் ஒன்றோடு சிறு இடைச்சொல் ஒட்டிக்கொண்டால் போதும், பொருள் வேறு திசைக்குப் போய்விடுகிறது. 'ஸ்டாண்ட்' என்றால் நில். அதன் பின்னால் 'ஃபார்' வந்து சேர்ந்தால், ஓர் எழுத்துச் சுருக்கம் எதைக் குறிக்கிறது என்று சொல்லலாம்; ஒருவர் எந்தக் கொள்கையின் பக்கம் என்று சொல்லலாம்; தேர்தலில் போட்டியிடுவதைச் சொல்லலாம்; எதிர்மறையில் வந்தால், பொறுத்துக்கொள்ள மறுப்பதையும் சொல்லலாம். தமிழ் படித்தவர்க்கு இதில் பெரிய வியப்பில்லை. கொடுப்பதும் விட்டுக்கொடுப்பதும் ஒன்றா என்ன?

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக 'ஐ வோண்ட் ஸ்டாண்ட் ஃபார் இட்' என்ற வாக்கியத்தைக் கொடுத்திருந்தோம். பாதிப் பேர் 'தேர்தலில் நிற்க மாட்டேன்' என்று எழுதியிருந்தனர். உத்திரமேரூரை அடுத்த சிற்றூரிலிருந்து வந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி மட்டும் 'அதற்காக நிற்க மாட்டேன்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்து, 'பொறுத்துக்கொள்ள மாட்டேன்' என்று திருத்திக் கொடுத்தோம்.

"நிக்க மாட்டேன்னா பொறுக்க மாட்டேன்னு எப்படிங்க ஐயா ஆகும்? எங்க ஊர்ல எல்லாரும் பொறுத்துக்கிட்டுத்தானே நிக்கிறாங்க?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம், சிரித்திருக்க வேண்டாம்.

அடுத்த பருவத்தில் அவள் வரவில்லை. தோழியரிடம் விசாரித்தோம். "நின்னுட்டா ஐயா" என்றார்கள். திருமணம். 'நில்' என்னும் வினை தமிழில் இப்படியும் வேலை செய்கிறது. மழை நிற்கும், கடிகாரம் நிற்கும். அவை தாமாக நிற்பவை. படிப்பிலிருந்து ஒரு பெண் அப்படித் தானாக நிற்பது மிக அரிது. நிறுத்தப்படுகிறாள். பிறவினையில் சொல்ல வேண்டியதைத் தன்வினையில் சொல்லிவிட்டால் நிறுத்தியவர் யார் என்ற கேள்வியே எழாது. வருகைப் பதிவேட்டில் நாமும் அவள் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனோம்.

அவள் ஊர்ப்பக்கம் போகும்போதெல்லாம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்காமல் திரும்புவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. முப்பது குடும்புகள். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் இல்லை. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்று வாசிக்க வேண்டும். விரல் மடங்கினால் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக்கூடும் என்ற ஐயம்தான்! மனித இயல்பை நன்கு அறிந்தவர்கள்.

அந்த ஏற்பாட்டில் எவரும் 'நிற்கவில்லை' என்பதே நம்மை ஈர்ப்பது. பெயர் குடத்துக்குள் கிடந்தது. ஆள் ஓட்டுக் கேட்டு வாசலில் நிற்கவில்லை. தேர்தலில் நிற்பது என்னும் வழக்கு ஆங்கிலேயர் கொணர்ந்த தேர்தலோடு சேர்ந்து வந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது. (அமெரிக்கர் நிற்பதும் இல்லை, ஓடுகிறார்கள்.) நாம் ஆக்கிக்கொண்ட 'வேட்பாளர்' என்ற சொல்லோ விரும்புகிறவர் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. குடவோலையைப் போற்றிப் பேசும் மேடைகளில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அது அந்தணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அந்தக் குடத்தில் உழுதவன் பெயரும் இல்லை, பெண் பெயரும் இல்லை.

2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டுகள், குடவோலை கண்ட இந்த மண்ணின் ஊராட்சிகளைத் தனி அலுவலர்களே பார்த்துக்கொண்டனர். காஞ்சிபுரம் மாவட்ட ஊரகத் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில் நடந்தது. இடங்களில் பாதி பெண்களுக்கு. அப்போது ஒரு சுவரொட்டியில் அவளைக் கண்டோம். கைகூப்பிய கணவர் பெரிதாக, அவள் சிறிதாக. ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்கிறாள். நிற்கிறாளா, நிறுத்தப்பட்டிருக்கிறாளா? ஒருவரைத் தேர்தலில் நிற்கவைப்பதற்கும், ஒன்றைத் தடுத்துவிடுவதற்கும் நமக்கு 'நிறுத்து' என்ற ஒரே சொல்தான்.

சில மாதங்கள் கழித்து உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தில் அவளே வந்து வணங்கினாள். வென்றிருந்தாள்.

"நீயாக நின்றாயா அம்மா?" என்று கேட்டோம்.

"நிறுத்தினாங்க ஐயா. பொம்பளைங்களுக்குன்னு ஆயிடுச்சில்ல, அவரால நிக்க முடியல." மறைக்காமல் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன மாசம் தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டாந்து கையெழுத்துப் போடுன்னாங்க. கூட்டம் நடக்கவே இல்ல ஐயா. படிச்சுப் பார்க்காம போட மாட்டேன்னுட்டேன். அவருக்குக் கோவம். ரெண்டு நாள் பேசல. அப்பதான் நீங்க அடிச்சுத் திருத்துன வாக்கியம் ஞாபகம் வந்துச்சு."

"பொறுத்துக்கொள்ள மாட்டேன் என்பதுதானே?"

"இல்லைங்க ஐயா, நான் எழுதுனது."

காஞ்சிபுரம் பேருந்து வந்து நின்றது. அவள் ஏறிக்கொண்டாள்.