டம்ளர் கழுவும் நேரம்

எங்கள் வீட்டு கம்ப்யூட்டரின் பட்டனை அமுக்கிவிட்டு, பால் காய்ச்சி, காபி கலந்து குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் அப்போதுதான் திரையில் படங்கள் வந்து நிற்கும். 2014-ல் கள்ளக்குறிச்சியில் வாங்கியது. அப்போது நாங்கள் விழுப்புரம் மாவட்டம். 2019-ல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமாகிவிட்டது. கம்ப்யூட்டர் மட்டும் மாறவில்லை.

எனக்கும் பிள்ளைகளுக்கும் செல்போன் போதும். அதை நம்பியிருந்தவர் என் மாமனார்தான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் பல வருடம் வாத்தியாராக இருந்தவர். அங்குள்ள பெரியவர்கள் சொன்ன கதைகள், பாட்டுகள், சாமை விதைக்கிற விவரங்கள் என்று கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, கேட்டுக் கேட்டு டைப் செய்வார். போன வருடம் மெல்ல நிறுத்திவிட்டார். ஏன் மாமா என்று கேட்டால், "அது திறக்கறதுக்குள்ள என்ன எழுத வந்தேன்னே மறந்துபோகுதும்மா" என்றார். அதற்குமேல் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

புதுசு வாங்க வசதியில்லை. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் மாற்றலாம் என்றான் பன்னிரண்டாவது படிக்கும் மகன். சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். பழையபடி தட்டு சுற்றும் டிஸ்க் ஒன்று, நிமிடத்துக்கு 5400 சுற்றுக்குப் பதில் 7200 சுற்று. இன்னொன்று சாட்டா எஸ்.எஸ்.டி., சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லாத வெறும் சிப். மூன்றாவது என்.வி.எம்.இ. நொடிக்கு 3500 எம்.பி. என்று மகன் அதிலேயே ஒற்றைக்காலில் நின்றான். கடைக்காரத் தம்பி மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். "இந்த போர்டுல அதைச் செருக இடமே இல்லக்கா."

சாட்டா அட்டையில் 550 என்று போட்டிருந்தது. எங்கள் போர்டில் அதில் பாதிதான் கிடைக்குமாம். அப்புறம் எதுக்குத் தம்பி என்றேன். கம்ப்யூட்டர் எழும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடுகிறது. தட்டில் ஒவ்வொன்றுக்கும் முள் நகர வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும். பருப்புக்கு ஒரு கடை, புளிக்கு ஒரு கடை என்று அலைகிற மாதிரி. 7200 என்றால் கொஞ்சம் எட்டி நடக்கலாம், அவ்வளவுதான். சிப்பில் அந்த நடையே கிடையாது.

500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கினோம். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடவில்லை. அதுவாவது கெடுவதற்கு முன் பெரும்பாலும் டக் டக்கென்று சத்தம் கொடுக்கும், எஸ்.எஸ்.டி. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் என்றார் அந்தத் தம்பி. மாமாவின் பதிவுகள் இப்போது இரண்டிலும் இருக்கின்றன. மூன்றாவது நகல் ஒரு பென் டிரைவில், பீரோவில் என் நகைப் பெட்டிக்குள். (நகை அடகில் இருப்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை.)

போன ஞாயிறு மாமா பட்டனை அமுக்கிவிட்டு, வழக்கம்போல நாற்காலியைத் திருப்பிப்போட்டுப் பேப்பரை விரித்தார்.

"மாமா, வந்துடுச்சு."

நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து வயதான ஒரு அம்மாவின் குரல் கேட்டது. சாமை விதைப்பு பற்றி. நடுவில் ஒரு சேவல் கூவியது. மாமா நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டார்.