கோபாலும் பத்தாம் தேதியும்

"வட்டி போடுறது இன்னும் கோபால்தான்" என்று நண்பர் சொன்னபோது, ஓய்வு பெறாத யாரோ பழைய குமாஸ்தா என்று நினைத்துக்கொண்டேன். வியாபாரக் கணக்குகளுக்கென்றே 1959இல் அமெரிக்காவில் ஒரு குழு கூடி வகுக்கத் தொடங்கிய கம்ப்யூட்டர் பாஷையாம்.

நண்பர் கோவையில், சிறு வங்கிகளின் மென்பொருளைப் பராமரிக்கும் குழுவொன்றில் இருக்கிறார். கவிதையும் எழுதுகிறார், அபூர்வமாக. சென்ற மாதம் குன்னூர் வந்திருந்தார். கோபாலிலிருந்து ஜாவாவுக்கு மாறுவதா என்று அவர்கள் ஏழு பேரும் முடிவு செய்தாக வேண்டும். கோபால் தெரிந்தவர்கள் இருவர்; ஒருவர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். "கவுண்டர்ல உட்கார்றவர் நீங்க. என்ன சொல்றீங்க?"

மாறக் கூடாது என்று உடனே சொல்லிவிட்டேன். விமர்சனம் எழுதுகிறவனின் வியாதி இது. 2018இல் இங்கிலாந்தில் டிஎஸ்பி வங்கி தன் கணக்குகளை வேறொரு அமைப்புக்கு மாற்றியபோது ஏறக்குறைய 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் தொட முடியாமல் நின்றதையும் சொன்னேன். நண்பர் மறுக்கவில்லை. "இருபத்தஞ்சு வயசுப் பையனை இதுல உட்கார வச்சா, நாளைக்கு அவனுக்கு யார் வேலை தருவாங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பழைய பாஷையின் மேன்மையைப் பேசுவது, அதில் பிழைக்க வேண்டியிராதவனுக்குச் சுலபம்.

ஆனால் என் தயக்கத்துக்கு ஸ்தூலமான காரணம் ஒன்று உண்டு. 2010 ஏப்ரல் 1க்கு முன்பு சேமிப்புக் கணக்குக்கு வட்டி, மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையிலிருந்த மிகக் குறைந்த இருப்பின் மேல்தான். பிறகு தினசரி இருப்பின் மேல். நான் வேலையில் சேர்ந்ததே இதற்கெல்லாம் அப்புறம். இருந்தும் எஸ்டேட்டிலிருந்து வரும் வயதான பெண்கள் சிலர் இன்றும் பத்தாம் தேதிக்குள் பணம் கட்ட அடித்துப்பிடித்துக்கொண்டு வருகிறார்கள். "பத்து தாண்டினா வட்டி வராதே தம்பி." அந்தப் பழைய விதி புரோகிராமுக்குள்ளும் ஒரு மூலையில் கிடக்கிறது. புதிதாகப் படிக்கிறவன் பட்ட கிளை என்று வெட்டிவிடுவான். பல வருஷம் தூங்கிய கணக்கு ஒன்றில் அந்நாளைய வட்டி விடுபட்டிருந்தால், அதைப் போட அந்த விதிதான் வேண்டும். நண்பரின் ஆபீஸில் அது வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

பைசா விவகாரம் வேறு. கோபால் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல தசமத்தில் கணக்குப் போடும். ஜாவாவின் சாதாரணப் பின்ன எண்கள் இரண்டின் அடுக்குகளால் ஆனவை. பத்தில் ஒன்று என்பதைக்கூட அவற்றால் துல்லியமாகச் சொல்ல முடியாது. தசமத்துக்கென்று தனி வகை அதிலும் உண்டு, ஞாபகமாகக் கையாள வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்கிறவன் இங்கேதான் வழுக்குவான்.

கிழட்டுத் தேயிலைச் செடியைக் கவாத்து செய்வதா, பிடுங்கி நடுவதா என்ற பேச்சு இங்கே தோட்டங்களில் ஓயாது. பிடுங்கிய இடத்தில் உடனே நடுவதில்லை. குவாத்தமாலா புல்லைப் போட்டு மண்ணை ஆற விடுகிறார்கள். அப்புறம் புதுச்செடி பலன் தரப் பல வருஷம். அத்தனை காலமும் சம்பளம் கொடுக்க முடிகிற தோட்டம்தான் பிடுங்கலாம். நண்பரின் கம்பெனி அப்படிப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் நான் சொன்னது இவ்வளவுதான்: ஓய்வு பெறப் போகிறவர் பக்கத்தில் அந்தப் பையனை உட்கார வையுங்கள். வட்டி புரோகிராமை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு விதியும் எதற்கு என்று தமிழில் எழுதட்டும். புதிதாகச் சேர்க்கும் பகுதிகளை மட்டும் இப்போதைக்கு ஜாவாவில் எழுதுங்கள். இது முடிவைத் தள்ளிப்போடுவது என்றார் நண்பர். ஆமாம், என்றேன்.

சலான் ஒன்றின் பின்புறத்தில் எனக்குத் தெரிந்த விதிகளை எழுதிக் கொடுத்தேன். ஒன்பது தேறியது. மூன்றுக்கு எனக்கே காரணம் தெரியவில்லை. பெரியவரிடம் கேட்டு எழுதுவதாகச் சொல்லிவிட்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினார். இன்னும் எழுதவில்லை.